நான்காம் எண் விளக்கு

கடத்தூர் புளி விற்பனைச் சங்க அலுவலகத்தின் டெலிபோன் பலகையில் நான்காம் எண் விளக்கு எரிந்தது. அது பின்பக்கக் கிடங்கின் எண். இரண்டு வருடம் முன்பு தர்மன் செத்த நாளோடு அந்த இணைப்பையே துண்டித்தாயிற்று. மதலைமுத்து கண்ணை மூடித் திறந்தார். விளக்கு அணைந்திருந்தது.

மழை இருட்டு மதியத்திலேயே கூரைமேல் உட்கார்ந்துவிட்டது. கிடங்கின் புளிவாசனையோடு இன்று ஏதோ ரப்பர் கருகும் நெடியும் கலந்து வர, சந்தனம் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழமும் நசுக்கிக் குடியேற்றிய புதுக் கம்ப்யூட்டர் மேஜைமேல் ஓயாமல் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. எண்பத்தெட்டில் அந்த ஊருக்கே அது அதிசயம். இன்னொன்றைக் கிடங்கின் எடைமேடையில் வைத்து இரண்டையும் இணைக்க வேண்டும். அதற்குத் தனிக் கம்பி இழுப்பதா, டெலிபோன் கம்பியிலேயே சும்மா கிடக்கும் ஒரு ஜோடியில் ஓட்டிவிடுவதா? பராமரிப்பு பார்க்கும் மதலைமுத்து ஐந்து மணிக்குள் முடிவெழுதித் தர வேண்டும்.

"தனியாவே இழுத்துருங்க சார்," என்றாள் ஆபரேட்டர் ராணியம்மாள். "ஒண்ணா உட்டா பேச்சுல கொரகொரன்னு சத்தம் வரும்னு கம்பெனிக்காரரே சொன்னாருங்களே."

சொன்னார்தான். ஆனால் தனிக் கம்பிக்குக் கிடங்குச் சுவரிலுள்ள குழாயை உடைக்க வேண்டும். போன் கம்பியும் கரண்டு கம்பியும் அதில் ஒன்றாகத்தான் ஓடின. அது இவருடைய யோசனை. உடைத்தால், கருகிய கம்பி எந்த ஃபியூஸிலிருந்து வருகிறது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

அன்று கிடங்கில் உதவியாள் தர்மன், இங்கே இவர். ஃபியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, போனில் "தொடு" என்று சொன்ன பிறகுதான் மறுமுனை ஆள் கம்பியைத் தொட வேண்டும். அதுதான் அவர்கள் வழக்கம். இவர் பிடுங்கியது பக்கத்து ஃபியூஸ். அலறல் கேட்டதும் சத்தமில்லாமல் திருப்பிச் செருகிவிட்டார். அவன் வேறு ஃபியூஸின் கம்பியைத் தொட்டுவிட்டான் என்று இவர் சொல்ல, செத்தவனின் கவனக்குறைவு என்று எழுதினார்கள்; அவன் பெண்சாதி பாஞ்சாலிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இப்போது ராணியம்மாள் பக்கம் திரும்பாமலே, 'டெலிபோன் கம்பியே போதும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கிடங்கு முனையை இணைக்க அவரேதான் போனார். தர்மன் செத்த மூலைக்கு வேறு யாரும் போவதில்லை. சரியான ஃபியூஸ்தானா என்று இரண்டு முறை பார்த்துப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். ராணியம்மாள் பலகை முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே மூட்டைகளின் ஈரப் புழுக்கம். எங்கோ சொட்டு விழும் சத்தம். கருகல் நெடி. குழாய் வாயிலிருந்து இரண்டு செம்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. சோதனை ரிசீவரைக் காதில் வைத்தார்.

"ராணியம்மா, இருக்கியாம்மா?"

மூச்சு. பிறகு ஒரு ஆண் குரல். பழகிய குரல்.

"ஃபியூஸ எடுத்துட்டனுங்க சார். எம் பாக்கெட்டுலதான் இருக்குது."

மதலைமுத்து பையைத் தடவினார்.

காலி.

தலைக்குமேல் பல்பு மெல்லச் சிவந்தது. முதலில் இழை மட்டும். பிறகு முழுசாக.

சேசுவே என்றார். குழாய்க்குள் ஏதோ உரசியது. நின்றது. மறுபடி உரசியது. கிட்டத்தில்.

குழாய் வாயிலிருந்து கருகிய விரல்கள் நான்கு வெளியே வந்து, இரண்டு கம்பிகளையும் பதமாகப் பிரித்து, அவர் கைக்கு எட்டும்படி நீட்டிப் பிடித்துக்கொண்டன.

"தொடுங்க சார்."