சூட்டறைக்கு மூன்று குரல்

இத்தா முடிந்த மறுநாள் காலையில் உமிக்கட்டிக் கொட்டகைக்குப் போனேன். புருஷன் மௌத்தான பிறகு நான்கு மாதம் பத்து நாள் வாசலைத் தாண்டாமல் இருந்துவிட்டு வெயிலில் இறங்கினால் கண் கூசத்தான் செய்யும். தேக்கா மாட்டுத் தொழுவங்களைக் கடந்து ரொச்சோர் ஆற்றங்கரைக்கு நடந்தபோது சாணி நாற்றம்கூட எனக்கு நல்ல வாசனையாகத் தெரிந்தது. பயமெல்லாம் பிறகுதான் வந்தது.

"கட்டியெல்லாம் கையில எடுத்தா உதிருது ருக்கையா. கூழ் பதம் உனக்குத்தான் தெரியும். நீ வந்தாத்தான் ஆகும்" என்று நானா வந்து சொல்லியிருந்தார். நானா என்றால் என் கூடப்பிறந்த அண்ணன் நெய்னா முகம்மது. வாப்பா போன பிறகு என்னை வளர்த்தவர், நாகூர் கனிக்குக் கட்டிக்கொடுத்தவர், எங்கள் இருவரையும் கப்பலேற்றி சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தவர். அவர் பகலை இரவென்று சொன்னால் நான் எழுந்துபோய் விளக்கேற்றியிருப்பேன். அப்படி ஒரு கிறுக்கி நான்.

உமிக்கட்டி என் மச்சானின் மூளையில் பிறந்தது. எங்கள் பக்கம் புருஷனை மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். இங்கே அரிசி ஆலைக்காரர்கள் மலை மலையாக உமியை ஆற்றில் தள்ளுவதைப் பார்த்து அவருக்கு மனசு ஆறவில்லை. "அடுப்பெரிக்க ஊரே காட்டை வெட்டுது. இவனுவ நெருப்பைக் கொண்டுபோய் ஆத்துல கொட்டுறானுவ" என்பார். உமியைப் பாதி கருக்கி, தேங்காய் நார்த்தூள் சேர்த்து, மரவள்ளிக்கிழங்குக் கூழில் பிசைந்து, இரும்புத் திருகு அச்சில் இறுக்கினால் செங்கல் மாதிரி ஒரு கட்டி வரும். ஒரு கட்டியில் ஒரு உலை சோறு வெந்துவிடும்.

அச்சிலிருந்து எடுத்த ஒவ்வொரு ஈரக் கட்டியிலும் கட்டைவிரலை அழுத்திப் பார்ப்பார். விரிசல் விட்டால் திரும்பப் பிசைய வேண்டும். அச்சில் ஒருமுறை நசுங்கிய விரல் அது, ரேகைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு தழும்பு. அந்தத் தழும்பைப் பார்த்துத்தான் ஊரில் எங்கள் கட்டியை வாங்குவார்கள்.

கட்டிகளைக் காயவைக்கச் சூட்டறை. மூங்கில் தட்டுகளுக்கு அடியில் உமித்தணல் போட்டு, சூடு போகாமல் கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவோம். அந்தத் தணல் காற்றில் ஆள் அகப்பட்டால் இருமக்கூட மாட்டான், தூங்கியே போய்விடுவான். அதனால் தாழ்ப்பாளைத் தொடுமுன் மூன்று குரல் கொடுக்க வேண்டும் என்று மச்சான் சட்டம் வைத்திருந்தார். "அடுத்த வீட்டு வாசல்ல மூணு சலாம் சொல்லிட்டுத்தானே திரும்புறோம். இங்கயும் அதேதான்."

மூன்றில் அவருக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. பேய் இரண்டு தரம்தான் கூப்பிடும், மூன்றாவது குரலுக்குத்தான் வாயைத் திறக்க வேண்டும் என்று அவருடைய உம்மா சின்ன வயதில் சொல்லிவைத்துவிட்டார். ஆள் வளர்ந்தாலும் அது போகவில்லை. சோறு ஆறிப்போகும், நான் தொண்டை கிழியக் கத்துவேன். மூன்றாவது குரலுக்குத்தான், "இதோ வந்துட்டேன் புள்ள" என்று சிரித்துக்கொண்டே வருவார். "மூணு வாங்காம மச்சான் அசைய மாட்டாரு" என்று நானாவும் சேர்ந்து கேலி செய்வார்.

மார்கழி மழையில் அவர் போனார். நீராவிப் படகுகள் வைத்திருந்த ஒரு துரை கொட்டகைக்கு வந்து, கட்டியை எரித்துப் பார்த்து, இதைச் செய்தது யார் என்று கேட்டிருக்கிறார். நானா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிவிட்டார். மச்சானுக்கு அது அடுத்த வாரம்தான் தெரிந்தது. மதியச் சோற்றின்போது, "நாளைக்கு நானே போய்த் துரையைப் பாக்குறேன்" என்றார். நானா சிரித்தார். "போய்ச் சொல்லுங்க மச்சான். என்ன கெட்டுப்போச்சு?" அந்தச் சிரிப்பு எனக்குப் போதுமாக இருந்தது.

பிற்பகல், அசர் தொழுகை நேரம். பின்கட்டில் நான் கூழ் கிண்டிக்கொண்டிருந்தேன். தகரக் கூரையில் மழை அடித்தது. நானாவின் குரல் கேட்டது. "மச்சான்!" கொஞ்சம் விட்டு, "மச்சான்!" பிறகு தாழ்ப்பாள் விழுந்தது.

பொழுது சாய்ந்து மஃரிபுக்கும் ஆளைக் காணோமே என்று தேடி, சூட்டறைக் கதவைத் திறந்தோம். ஈரக் கட்டிகளைத் திருப்பிவைக்க உள்ளே போனவர், கட்டிகளுக்கு நடுவில் தூங்குகிற மாதிரி கிடந்தார். கதவைத் தட்டியிருந்தாலும் அந்தத் தகரத்து மழையில் எனக்குக் கேட்டிருக்காது.

விசாரணைக்குப் போலீஸ் கிளார்க் குலசிங்கம் வீட்டுக்கே வந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். நான் திரைக்குப் பின்னால் இருந்தேன். "உங்கட தமையன் எத்தினை தரம் கூப்பிட்டவர்? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றார். நானா அதற்கு முன்பே என் காதில் சொல்லியிருந்தார்: "மழையில ஒண்ணு உனக்குக் கேட்டிருக்காது புள்ள. நான் மூணும் கூப்பிட்டேன்."

மூன்று என்று சொன்னேன். காகிதத்தில் கைநாட்டும் வைத்தேன்.

அந்தக் கொட்டகைக்குத்தான் இப்போது திரும்பி வந்திருந்தேன். கூழ் காய்ச்சினேன், பதம் பார்த்தேன். கூழில் ஒரு குறையும் இல்லை. நேற்றைய கட்டிகளை எடுத்தேன். உள்ளே சொதசொதவென்று ஈரம், காயவே இல்லை.

"சூட்டறைக்குத் தாழ்ப்பாள் போடுறதில்லையா?" என்று அச்சு சுற்றும் பாக்கியலட்சுமியிடம் கேட்டேன்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "முதலாளி போட விடுறதில்லக்கா. கதவு திறந்தேதான் கிடக்குது."

"ஏன்?"

"அசருக்கு இருந்து நீங்களே கேளுங்க. நான் அந்த நேரம் ஆத்துப் பக்கம் போயிடுவேன்."

அசருக்கு இருந்தேன். வானம் வெளுத்துக் கிடந்தது, ஒரு பொட்டு மேகம் இல்லை. சூட்டறைக் கதவைச் சாத்தி, நானே தாழ்ப்பாளைப் போட்டேன். சத்தம் கேட்டு நானா முன்கட்டிலிருந்து ஓடிவந்தார். "திற புள்ள! யார் உன்னைப் போடச் சொன்னது?"

நான் திறக்கவில்லை.

அச்சு நின்றது. தொழுவத்து மாடுகளின் சத்தமும் நின்றது. கருகிய உமியின் வாடை எழுந்தது. உள்ளே அன்று தணலே போடவில்லை.

பிறகு அந்தக் குரல்.

"மச்சான்!"

நானாவின் குரல் அது. கதவுக்கு உள்ளேயிருந்து வந்தது. நானாவோ என் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"மச்சான்!"

நான் காத்திருந்தேன். மூன்றாவது வரட்டும் அல்லாஹ்வே, வரட்டும் என்று கெஞ்சினேன்.

தாழ்ப்பாள் விழுகிற சத்தம்தான் வந்தது. நான் முன்பே போட்டிருந்த தாழ்ப்பாள், என் கண்ணெதிரே அசையாமல் கிடந்தது.

"மூணாவது எங்க நானா?"

"மழையில... உனக்குக் கேட்டிருக்காது..."

"மழை எங்க நானா?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அவரு போய்ச் சொல்லியிருந்தா துரை என்னை மனுசனாவே மதிச்சிருக்க மாட்டாரு புள்ள. நீ சொன்ன சாட்சியிலதான் நான் உசுரோட இருக்கேன். அதை மாத்திடாத."

கேலிக்காகத் தெரிந்துவைத்திருந்த பழக்கம். அதை வைத்தே ஆளைக் கொன்றிருக்கிறார். இரண்டு குரல் கொடுத்தால் அவர் பேச மாட்டார் என்று உலகத்திலேயே இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் பூட்டினார், மற்றவள் கைநாட்டு வைத்தாள். என்னை வளர்த்த கை என்று நினைத்த கை, என் வாழ்க்கையைப் பூட்டிவிட்டு என் விரலையே சாட்சியாகவும் வாங்கிக்கொண்டது.

கதவருகே போனேன். மரம் சுட்டது.

"வேணாம் புள்ள" என்று நானா முனகினார்.

மூன்றாவது குரலை நான் கொடுத்தேன்.

"மச்சான்!"

நெற்றியைச் சுடுகிற மரத்தில் ஒட்டிவைத்தேன்.

பிறகு, கதவை ஒட்டி, என் முகத்துக்கு நேராக, அதே சிரிப்போடு:

"இதோ வந்துட்டேன் புள்ள."

தாழ்ப்பாள் தானாகப் பின்னால் நகர்ந்தது. உள்ளே வெறும் மூங்கில் தட்டுகள்தான் இருந்தன. நானா அலறிக்கொண்டு ஆற்றுப் பக்கம் ஓடினார். நான் ஓடவில்லை. முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு நேரே போலீஸ் கச்சேரிக்கு நடந்தேன். வழியெல்லாம் கருகிய உமி வாடை கூடவே வந்தது.

குலசிங்கம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பழைய காகிதத்தைத் தேடி எடுத்தார்.

"அப்ப மூண்டு எண்டனீங்கள். இப்ப?"

"இரண்டு. இரண்டுதான் கூப்பிட்டார்."

புதிதாக ஒரு காகிதத்தில் எழுதி, படித்துக் காட்டி, மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். நீல மை. விரலைத் தோய்த்துக் கைநாட்டு வைத்துவிட்டுக் கையை எடுத்தேன்.

அவர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேலே, வெறும் வாசலைப் பார்த்தார்.

"அம்மா, உங்களோட ஆர் வந்தது?"

காகிதத்தை என் பக்கம் திருப்பினார். என் நீல ரேகைக்குப் பக்கத்திலேயே இன்னொரு ரேகை, அகலமாக, உமிக்கரியின் கறுப்பில். இன்னும் ஈரம் காயவில்லை.

அதன் குறுக்கே சாய்வாக ஒரு தழும்பு ஓடியது.