சயாம் கடுவனைக் காணவில்லை!

ட்ர்ர்ரிங்... ட்ர்ர்ரிங்...

துறைமுகப் பொலிஸ் நிலையத்தில் டெலிபோன் அலறியது.

சப் இன்ஸ்பெக்டர் ஸுஹைர் வாயிலிருந்த பகல் சோற்றை அவசரமாக விழுங்கிவிட்டு ரிசீவரை எடுத்தார்.

"ஹலோ..."

"என்ர அப்பாவச் சாகடிச்சுப் போட்டாங்கள்!"

"எங்க? எந்த வீடு?"

"உட்துறைமுக வீதி. கிளாக்கர் காசிநாதர் வீடு. கெதியா வாங்கோ!"

பத்தாவது நிமிடம் ஜீப் அந்த வாசலில் கிறீச்சிட்டு நின்றது.

பின்வளவில், கிணற்றுக் கட்டோடு தலை சாய்ந்து கிடந்தார் காசிநாதர். வயது எழுபத்திரண்டு. துறைமுகத்தில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். பின்மண்டையில் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

பக்கத்தில் ஆளுயரத்துக்கு வலையடித்த ஒரு கூடு.

கதவு திறந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை!

மகள் புஸ்பராணி கூட்டைப் பிடித்தபடி நின்றாள். முப்பத்தெட்டு வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒப்பரேட்டர். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவள் கண்ட காட்சி இது. அவள் அழவில்லை. அவளுடைய கண்கள் எரிந்து கொண்டிருந்தன.

"கூட்டுக்குள்ள என்ன இருந்தது அக்கா?"

"பூனை."

ஸுஹைரின் பேனா நின்றது. "பூனையா? ஒரு பூனைக்காக ஆராவது கொலை செய்வானா?"

"செய்திருக்கிறான் தானே! கண் தெரியேல்லையோ உங்களுக்கு?"

அவள் போட்ட சத்தத்தில் இரண்டு கான்ஸ்டபிள்மாரும் தொப்பியைச் சரி செய்து கொண்டார்கள்.

"தெருப்பூனை இல்ல ஸேர். சயாம் பூனை! ஐம்பத்தோராம் ஆண்டு பாங்கொக்கில இருந்து அரிசிக் கப்பல் வந்தது. அந்தக் கப்டன் அப்பாவுக்கு மூண்டு சோடி குடுத்திட்டுப் போனவர். வட்ட முகம், உருண்ட உடம்பு, பாலாடை நிற முதுகு, நீலக் கண். வெளிநாட்டில இப்ப ஈர்க்கில் மாதிரிக் கால், ஆப்பு மாதிரி முகம் வைச்சு வளக்கிறாங்கள். பழைய சாதி இதுதான்! இருபத்தைஞ்சு வருசமா அப்பா இந்த வம்சத்தைக் கலப்பில்லாமக் காத்தவர். எதை எதோட சேக்கலாம், எதைச் சேக்கக் கூடாது, எல்லாம் கொப்பியில எழுதி வைச்சிருக்கிறார்."

"திருடு போனது எது?"

"கடுவன். மாலுமி எண்டு பேர்." அவள் வெறும் கூட்டைக் காட்டினாள். "கடைசி ஆண் பூனை ஸேர். இனி வம்சமே இல்ல!"

"ஆராவது இதைக் கேட்டு வந்தவங்களா?"

"பதினேழு பேர்! வெள்ளைக்காரனில இருந்து அரசாங்கக் கச்சேரி அதிகாரியள் வரைக்கும். அப்பா பதினேழு பேருக்கும் இல்லையெண்டுதான் சொன்னவர். காட்சிக்கு வைக்கிறதுக்கு ஒரு குட்டியும் தரமாட்டன் எண்டு முகத்துக்கு நேர சொல்லுவார்."

ஸுஹைர் பெருமூச்சு விட்டார். பதினேழு சந்தேக நபர்கள்!

*

செத்த வீட்டுக்கு ஊரே வந்தது.

ஐஸ் பக்டரி முதலாளி தங்கத்துரை எல்லாரிலும் பெரிய மலர்வளையத்தோடு வந்தார். வெள்ளை வேட்டி, தங்க மணிக்கூடு, பன்னீர் வாசம்.

"கடுவனும் போட்டுதாமே பிள்ளை? அப்ப அந்த வம்சம்...?"

"அழிஞ்சு போச்சு முதலாளி."

"ஐயோ... எப்பிடிப்பட்ட வம்சம்!" தங்கத்துரை தலையை ஆட்டினார். கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்தார். துணி நனையவில்லை!

கிண்ணியாவிலிருந்து, புஸ்பராணி அக்கா முறை வைத்து 'ராத்தா' என்று கூப்பிடும் பரீதாவும் வந்திருந்தாள். வாகனங்களை ஏற்றி இறக்கும் மிதவையை அங்கே 'பாதை' என்பார்கள். அந்தப் பாதையில் துறையைக் கடந்து ஓடி வந்தவள். காசிநாதரின் பூனைகளில் பாதி, ஊருக்குத் தெரியாமல், அவள் வீட்டில்தான் வளர்ந்தன. இரண்டு வீட்டில் இரண்டு கிளை. அப்போதுதான் இரத்தம் நெருங்காது என்பது காசிநாதரின் சட்டம்.

"ராணி, நீ என்ன இப்பிடிச் சொல்ற..." என்று பரீதா தொடங்கினாள்.

புஸ்பராணி அவள் கையை இறுக அழுத்தினாள்.

"பேசாம இரு ராத்தா."



*

மூன்று மாதம் போனது.

திங்கட்கிழமை தோறும் புஸ்பராணி பொலிஸ் நிலையத்துக்குப் போனாள். திங்கட்கிழமை தோறும் கத்தினாள்.

"பதினேழு பேரையும் விசாரிச்சாச்சு அக்கா. ஆதாரம் இல்லாம என்னால என்ன செய்ய ஏலும்?"

"ஏலாட்டி தொப்பியைக் கழட்டி வைச்சிட்டு மீன் பிடிக்கப் போங்கோ!"

ஸுஹைர் கோபப்படவில்லை. அவள் சொல்வதில் நியாயம் இருப்பது அவருக்கே தெரியும்.

ஜூன் மாதக் கடைசி. கச்சான் காற்று ஊரை வறுத்துக் கொண்டிருந்தது.

காலை பத்து மணி. எக்ஸ்சேஞ்சில் ஒரு விளக்கு மினுக்கியது. கொழும்புக்கு ட்ரங் கோல். புஸ்பராணி இணைப்பைக் கொடுத்தாள். ஒப்பரேட்டர்கள் ஒட்டுக்கேட்கக் கூடாது என்பது சட்டம்.

குரலை அடையாளம் கண்டதும், கேட்டாள்!

"ஓம் மிஸ்டர்... சுத்தமான பழைய சயாம் கடுவன்! இலங்கையில என்னட்ட மட்டும்தான் இருக்கு. உங்கட பெட்டையை ரெயினில அனுப்புங்கோ. குட்டியில பாதி எனக்கு, பாதி உங்களுக்கு..."

தங்கத்துரை!

புஸ்பராணி ஹெட்போனைக் கழற்றி மேசையில் எறிந்தாள். கதிரை பின்னால் சரிந்து விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

*

ஐஸ் பக்டரியில் மெசின் இரைச்சல் காதைக் கிழித்தது.

தங்கத்துரை தன் ஒஃபிஸில் ஸுஹைரையும் புஸ்பராணியையும் சிரித்தபடி வரவேற்றார். மேசைக்கு மேல் ஒரு கூடு. கூட்டுக்குள் கடுவன்.

"இதுதானே பிள்ளை கேள்விப்பட்டனீங்கள்? வடிவாப் பாருங்கோ. போன கிழமைதான் கொழும்பில ஒரு எம்பசிக்காரரிட்ட வாங்கினனான்."

ஸுஹைர் குனிந்து பார்த்தார். "அக்கா, உங்கட பூனைக்கு முதுகு பாலாடை நிறம் எண்டு சொன்னீங்க. இதுக்கு முதுகு கோப்பி நிறமா இரிக்கே?"

"அதைத்தானே நானும் சொல்றன்!" தங்கத்துரை கையைத் தட்டினார். "அது வெள்ளை. இது கறுப்பு. வேற பூனை!"

புஸ்பராணி மேசையில் ஓங்கி அறைந்தாள்.

"சயாம் பூனை பிறக்கேக்க முழுக்க வெள்ளை ஸேர்! உடம்பில எந்த இடம் குளிருதோ அந்த இடம்தான் கறுக்கும். அதாலதான் காதும் மூக்கும் வாலும் கறுப்பு. சூட்டில வளந்தா முதுகு வெளிறும். மாதக்கணக்கா குளிரில வைச்சா முதுகும் கறுக்கும்! ஏன் முதலாளி, கொழும்பில எந்தத் தெருவில பனி கொட்டுது?"

தங்கத்துரையின் சிரிப்பு பாதியில் நின்றது.

ஸுஹைர் விருட்டென்று எழுந்தார். பக்கத்திலிருந்த தடித்த கதவை இழுத்தார். குளிர் புகையாக வந்து முகத்தில் அடித்தது. ஐஸ் அறைக்கு முன்னால் ஒரு சின்ன அறை. அங்கே சாக்குப் படுக்கை. தட்டில் மீன் முள்ளு. சாக்கு முழுக்கப் பூனை மயிர். அடியில் பாலாடை நிறம், மேலே கோப்பி நிறம்!

"பூனை கத்தினா மெசின் சத்தத்தில வெளிய கேக்காது. நல்ல இடம் முதலாளி!"

தங்கத்துரை சளைக்கவில்லை. "சரி, வாங்கி மூண்டு மாதம்! போன கிழமை எண்டது வாய் தவறினது. பூனையை எங்க வைக்கிறதெண்டது என்ர விருப்பம். இஞ்ச கடிதாசி இருக்கு!"

ஒரு தாளை எடுத்து வீசினார். ஸுஹைர் உரக்கப் படித்தார்.

"மேற்படி கடுவன் போன டிசம்பரில் மூன்று பெட்டைகளுக்குக் குட்டி கொடுத்த உயர்சாதி..."

புஸ்பராணி சிரித்தாள். கேட்டவர்களுக்கு மயிர் கூச்செறியும் சிரிப்பு.

"ஸேர், வாலைத் தூக்கிப் பாருங்கோ."

"என்ன?"

"பாருங்கோ எண்டு சொல்றன்!"

ஸுஹைர் கூட்டைத் திறந்தார். வாலைத் தூக்கினார். குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"ஒண்டையும் காணல்லியே அக்கா!"

"இருந்தாத்தானே காணுறதுக்கு? இது காயடிச்ச பூனை! மாலுமிக்குப் பிறந்த குட்டியள் ரெண்டு முறை நெஞ்சு பலமில்லாமச் செத்தது. அந்தக் குறை வம்சத்தில ஏறக்கூடாதெண்டு ரெண்டு வருசத்துக்கு முதல் அப்பாவே கொண்டு போய்க் காயடிச்சவர். மிருக வைத்தியர் பாக்கியரத்தினத்தின்ர பதிவில திகதியோட இருக்கு!"

"பொய்!" தங்கத்துரை துள்ளி எழுந்தார். "கிழவன் அண்டைக்கு இதைச் சொல்லேல்லையே!"



ஸுஹைர் மெதுவாகக் கேட்டார். "எண்டைக்கு முதலாளி?"

தங்கத்துரையின் முகம் வியர்த்தது. பிறகு வெடித்தார்.

"நாலு பெரிய மனிசருக்கு முன்னால என்னை இல்லையெண்டு அனுப்பினவன்! பூனையை வளக்கிற தகுதி எனக்கில்லையாம்! அண்டைக்கு நான் கூட்டைத் திறக்க, கிழவன் வந்து கையைப் பிடிச்சான். தள்ளினனான். விழுந்திட்டான்!"

"விழுந்தவரை விட்டிட்டுப் பூனையைத் தூக்கிக்கொண்டு ஓடினனியோ?" புஸ்பராணி அவர் சட்டையைப் பிடித்தாள். "அவர் அதில கிடந்து துடிக்க, நீ பூனையைப் பாத்தியோ! ஒண்டுக்கும் உதவாத காயடிச்ச பூனைக்காக என்ர அப்பாவைக் கொன்றனியோ!"

பளார்!

பளார்!

ஸுஹைர் அந்த நேரம் பார்த்துச் சுவர்க் கலண்டரில் போயா விடுமுறை தினங்களை வாசித்துக் கொண்டிருந்தார்.

வாசித்து முடிந்ததும் திரும்பினார். "அப்ப வம்சம் அழிஞ்சு போச்செண்டு சொன்னது?"

"உங்களுக்கும் பொய்தான் சொன்னனான் ஸேர். மன்னியுங்கோ. வம்சத்துக்குரிய கடுவன் கிண்ணியாவில பரீதா ராத்தா வீட்டில இருக்கு. போன வெள்ளிக்கிழமை அஞ்சு குட்டி! உண்மை வெளிய வந்திருந்தா, இவன் மாலுமியைக் கடலில எறிஞ்சிட்டு அங்க போயிருப்பான். பரீதா ராத்தாவுக்கும் அப்பாட கதிதான் நடந்திருக்கும்."

அவள் கூட்டுக்குள் கை விட்டாள். மாலுமியின் உடம்பு சில்லென்று இருந்தது. அதை எடுத்துச் சேலைத் தலைப்பால் சுற்றி நெஞ்சோடு அணைத்தாள். அது அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்தது.

மூன்று மாதத்தில் முதல் தடவையாகப் புஸ்பராணி அழுதாள்.

கான்ஸ்டபிள் விலங்கை மாட்டியபோது தங்கத்துரை திமிறினார்.

"டேய்! நான் ஆர், என்ர பரம்பரை என்ன எண்டு தெரியுமாடா உங்களுக்கு?"

ஸுஹைர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"பரம்பரையெல்லாம் பூனையிட்டத்தான் கேக்கிற முதலாளி. பொலிசுக்குப் பேரும் விலாசமும் போதும்!"