மாடத்தில் ஒரு சீசன் டிக்கெட்

தட்... தட்... தட்!

செங்கமலவல்லி கதவைத் திறக்காமல் சன்னல் வழியாகப் பார்த்தாள். மாசி மாதத்துக்குச் சற்றும் பொருந்தாத மழை. அதில் ஓர் இளைஞன்... நீர் சொட்டும் இமைகளுக்குள் தவிக்கும் இரண்டு கண்கள்.

"கதவைத் திறங்க. உள்ளே ஒரு சாமான் இருக்கு."

"நல்லா இருக்கே! அமாவாசைக்கு நாங்க எடுத்த ரூம்ல உங்க சாமான் எப்படி வரும்? அப்பா கோயில் குளத்துக்குப் போயிருக்காரு. வந்தப்புறம் வாங்க."

"ஏழு மணி வண்டி போயிடுமே..."

"போகட்டும். அடுத்த வண்டி வராதா?"

அவன் திரும்பி மழைக்குள் நடந்துவிட்டான்.

காப்பியுடன் வந்த வீட்டுக்காரி கங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐய, வரதனையா தொரத்துன? இது அவன் ரூம்புதாம்மா! கோயிலாண்ட இன்னா வாடகை விக்குது, தெரியுமில்ல? படிக்கிற புள்ளைன்னு பாதி வாடகைக்கு உட்டுக்கினு இருக்கேன். அமாவாசைக்கு அமாவாசை மட்டும் கோயிலுக்கு வர்றவங்களுக்குக் காலி பண்ணிக் குடுத்துடணும்."

"அன்னைக்கு எங்கே படிப்பாரு?"

"ரயில்லதான்! ஸ்டூடண்ட் சீசன் டிக்கெட் வெச்சிக்கினு, மெட்ராசுக்கும் இங்கியும் போய்க்கினு வந்துக்கினு..."

செங்கமலவல்லியின் பார்வை விளக்கு மாடத்தில் விழுந்தது. அங்கேயே இருந்தது அந்தச் சீசன் டிக்கெட்!

அதன்பின் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பகல் முழுவதும் வாசலைப் பார்த்திருந்தாள். அவன் வரவேயில்லை.

மாலையிலும் மழை விடவில்லை. ஊரான மீஞ்சூருக்குத் திரும்புவதற்காகத் தந்தையுடன் ரயில் நிலையத்துக்கு வந்தாள். வாசலில், குதிரைவண்டிக் கொட்டகையில், நின்றபடியே படித்துக்கொண்டிருந்தான் வரதன். தந்தை டிக்கெட் வாங்கச் சென்றதும் அருகில் போய்ச் சீசன் டிக்கெட்டை நீட்டினாள்.

"அப்பா வந்தப்புறம் வரச் சொன்னேனே..."

"பாதி வாடகைக்காரன் ஒரு கதவை ரெண்டு தடவை தட்டக் கூடாதுங்க."

"அடுத்த அமாவாசைக்கு நாங்க வேற ரூம் பாத்துக்கிறோம்."

"ரயில்காரங்க குடுக்கிற சலுகை போதும். நீங்க வேற ஒண்ணு குடுக்க வேணாம்!"

அவள் கன்னத்தில் வழிந்தது மழையா, கண்ணீரா? அந்த ஒரு கேள்வியே ஒரு மாதம் அவனைப் படிக்கவிடாமல் செய்தது.

பங்குனி அமாவாசை வந்தது. அவள் தந்தையின் மூன்று அமாவாசை வேண்டுதல் அன்றோடு நிறைவுற்றது. வரதனுக்கோ மறுவாரம் கடைசிப் பரீட்சை. அது முடிந்தால் பாதி வாடகையும் இல்லை, சீசன் டிக்கெட்டும் இல்லை. இனி அவள் இங்கே வரக் காரணமில்லை... அவன் இருக்கவும் காரணமில்லை.

அதே அறை. தந்தை குளத்துக்குச் சென்றிருந்தார். தட்... தட்...

இம்முறை கதவு திறந்தது.

"ஏழு மணி வண்டி போயிடுமே!" என்றாள்.

"போகட்டும்."

"சீசன் டிக்கெட்டு?"

அவன் மாடத்தைக் காட்டினான்.

"மறுபடியும் மறந்துட்டீங்களா?"

"போன தடவைதான் மறந்தேன். இன்னைக்கு... வேணும்னே விட்டுட்டுப் போனேன். திரும்பி வந்து தட்ட ஒரு சாக்கு வேணுமே." குரல் தாழ்ந்தது. "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. இதுல எனக்குச் சலுகை வேணாம். சம்மதம்னா முழுசாச் சொல்லுங்க."

அவள் விழிகள் தாழ்ந்தன.

"போன தடவை சொன்னதையேதான் சொல்றேன். அப்பா வந்தப்புறம் வாங்க."

அவன் முகம் வாடியது. படியிறங்கத் திரும்பினான்.

"ஆனா... இந்தத் தடவை வரணும்!"