காற்றாலை நின்ற இடம்

ஜனவரி 9, வியாழன்.

இன்று ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். சின்னது என்று எழுதலாமா, தெரியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

மாலை வகுப்புக்குக் கிளம்பும்போது, எங்கள் பசு கன்று ஈன முடியாமல் தவித்தது. அப்பாவால் அதை விட்டு நகர முடியவில்லை. அதனால் மாட்டு டாக்டருக்குப் போனில் நான்தான் வழி சொன்னேன்.

"தண்ணித் தொட்டியத் தாண்டி வாங்க டாக்டர். காத்தாலைகிட்ட இடது பக்கம் திரும்புங்க."

"சரிம்மா, இதோ கிளம்பிட்டேன்," என்றார் அவர். இந்தப் பக்கத்துக்குப் புதியவர்.

எங்கள் இடம் எந்த ஊரோடும் சேராதது. பெயர்ப் பலகைகூடக் கிடையாது. சிதறிய சில வீடுகள், ஒரு தண்ணீர்த் தொட்டி, பூட்டிக் கிடக்கும் தானியக் கிடங்கு. காற்றாலையைச் சொல்லித்தான் எல்லோரும் வழி காட்டுவார்கள்.

பனி இறங்கி வீட்டு வாசலையே மறைத்தது. டாக்டர் வரவில்லை. போனிலும் அவர் கிடைக்கவில்லை. பசு முனகிக்கொண்டே இருந்தது.

"இன்னும் தாமதமானா கன்னு பிழைக்காது. நீ என்னதான் வழி சொன்ன?" என்றார் அப்பா.

சொன்னதையே திரும்பச் சொன்னேன். பாதியில்தான் உறைத்தது.

காற்றாலை நான் பிறப்பதற்கு முன்பே புயலில் விழுந்துவிட்டது. நானே அதைப் பார்த்ததில்லை!

டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். தம்பியும் பின்னால் வந்தான்.

"பயமா இருந்தா வீட்டுக்குப் போடா."

"எனக்கு ஒண்ணும் பயமில்ல. கால்தான் நடுங்குது."

திருப்பத்தில் காற்றாலையின் கல்மேடை மட்டும் இருந்தது. அதன் அருகே போனதும் தலைக்கு மேல் ஒரு சத்தம்.

கிரீ...ச். கிரீ...ச்.

"அக்கா, அது சுத்துது."

"எதுடா?"

"அதான்... இல்லாதது."

டார்ச்சை மேலே அடித்தேன். வெறும் பனி. ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். நாங்கள் போய்விட்டால் டாக்டருக்கு யார் வழி காட்டுவது? கல்மேடையில் ஏறி, டார்ச்சை உயர்த்தி வட்டமாகச் சுற்றினேன். கை வலித்ததும் தம்பி வாங்கிச் சுற்றினான்.

பனிக்குள் இரண்டு விளக்குகள் தெரிந்தன. ஜீப் வந்து நின்றது.

"நல்ல வேளை! இந்த ரோட்டுலயே போயிட்டும் வந்துட்டும் இருந்தேன். காத்தாலை சத்தம் கேட்டுத்தான் வண்டிய மெதுவா ஓட்டினேன். எங்கம்மா அது?"

"அது... விழுந்துடுச்சு டாக்டர்."

"ஐயோ, இப்பவா?"

"இல்ல. அக்கா பொறக்கறதுக்கு முன்னாடியே," என்றான் தம்பி.

டாக்டர் மேலே பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் சீக்கிரம் வண்டியில ஏறுங்க," என்றார்.

கன்று பிழைத்தது. நெற்றியில் வெள்ளைப் பொட்டு. நான் தவறை ஒப்புக்கொண்டதும் அப்பா கன்றைத் துடைப்பதை நிறுத்தினார்.

"நானும் அப்படித்தான் வழி சொல்லியிருப்பேன்," என்றார்.

நாளைய வேலை: பழைய பலகையில் இடது பக்கம் அம்புக்குறி வரைந்து, கல்மேடை ஓரமாக நட வேண்டும். தம்பியும் வருகிறான். வெயில் இருக்கும்போதே போய்வந்துவிட வேண்டும்.