மயிலுதான் கத்துது

வெம்பக்கோட்டை அணைக்கு முந்தின கருவேலங்காட்டுக்குள் பால்துரையின் குழு நுழைந்தபோது உச்சிவெயில். 2006-ல் ஒரு விளையாட்டு மன்றம் நடத்திய சாகசப் போட்டி அது. விருதுநகரிலிருந்து சைக்கிள், பிறகு காட்டுக்குள் ஓட்டம், கடைசியில் லாரி டியூபைப் பிடித்துக்கொண்டு அணைத் தண்ணீரைக் கடக்க வேண்டும். குழுவுக்கு மூன்று பேர். மூவரும் சேர்ந்துதான் கரையேற வேண்டும்.

பால்துரை பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார். அவனோடு வேலை பார்க்கும் அகஸ்டினும், அகஸ்டினின் தங்கை நர்ஸ் எவாஞ்சலினும் சற்றுப் பின்னால் வந்தார்கள். அவர்களுக்கும் பின்னால், முள்ளை மிதித்துக்கொண்டு அடுத்த குழு.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் பட்டாசுக் கம்பெனிகள் ஓய்ந்து கிடந்தன. காற்றில்லை. குருவிச் சத்தம்கூட இல்லை. பாதையோரம் முள்ளுக்குள் ஒரு பழைய பட்டாசுச் செட்டின் சுவர் தெரிந்தது. அதை ஒட்டி ஓடும்போது கந்தக வாடை மூக்கில் ஏறியது.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கதவைத் தட்டினார்கள்.

"ஆரு போறது? கதவு சிக்கிக்கிருச்சு. செத்த தள்ளி விடுங்களேன்."

இளம்பெண் குரல். கூடவே இன்னொருத்தியின் இருமல்.

பால்துரையின் கால் தயங்கியது. திரும்பிப் பார்த்தான். அடுத்த குழுவின் மஞ்சள் பனியன் மரங்களுக்கிடையே தெரிந்தது.

"அண்ணே, ஏதோ சத்தம் கேக்கலையா?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள் எவாஞ்சலின்.

"மயிலுதான் கத்துது. ஓடி வாங்க" என்றான் பால்துரை.

கரையேறியதும் ஆள் அனுப்பிவிடலாம் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான்.

ஜெயித்தார்கள். கழுத்தில் மாலை விழுந்தது. இப்போது சொன்னால், அப்பவே ஏன் நிக்கலை என்று கேட்பார்களே. அவன் வாய் திறக்கவில்லை.

"நீங்க இல்லாட்டி நாங்க எங்கன ஜெயிக்க?" என்று எவாஞ்சலின் கோப்பையை அவன் கையில் கொடுத்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டான். பிறகு ஒருத்தரிடமும் சொல்லாமல், ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு காட்டுக்குத் திரும்பினான்.

வெயில் சாய்ந்திருந்தது. செட்டைச் சுற்றி வந்து பார்த்தான்.

கூரை இல்லை.

கதவும் இல்லை. வாசல் இருந்த இடம் வெறும் ஓட்டையாக நின்றது. உள்ளே தரை முழுக்கக் கருவேலம் மண்டியிருந்தது.

அந்த வழியாக ஆடுகளை ஓட்டி வந்த பக்கத்து ஊர்ப் பஞ்சம்மாள் நின்றாள்.

"இங்கன என்னய்யா தேடுதீக?"

"உள்ள ஆரோ பொம்பளைக இருந்தாகளே..."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வெடிச்சு எம்புட்டோ வருசமாச்சு. ரெண்டு பிள்ளைக, அக்கா தங்கச்சி. கதவு சிக்கி வெளிய வர முடியாமப் போச்சு. ரொம்ப நேரம் கத்துனாகளாம்." குரலைத் தாழ்த்தினாள். "பொழுதோட போயிருங்க."

ஆடுகளின் மணியோசை தேய்ந்து போனது.

பால்துரைக்கு முதலில் வந்தது நிம்மதிதான். உயிரோடு யாரும் உள்ளே இல்லை. தன்னால் யாரும் சாகவில்லை. அந்த நிம்மதி நெஞ்சில் நிறைவதற்குள்ளேயே அவனுக்கு உடம்பு கூசியது. மத்தியானம் அவனுக்கு இதெல்லாம் தெரியாது. உயிருள்ள பொண்ணு கூப்பிடுகிறாள் என்று நினைத்துத்தான் ஓடினான். ஒரு கோப்பைக்காக.

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

கந்தக வாடை எழுந்தது.

வெற்று வாசலுக்குள்ளிருந்து கிசுகிசுப்பு.

"அக்கா, அந்த ஆளு நிக்காம ஓடிட்டாருக்கா."

"வையாதடி. அவுகளுக்கு என்ன அவசரமோ."

இருமல். பிறகு மறுபடியும் தட்டும் சத்தம், மெதுவாக.

பால்துரை அழுதுகொண்டே எழுந்தான். ஒன்றுமில்லாத அந்த வாசலில் இரண்டு கைகளையும் வைத்துத் தள்ளினான்.

உள்ளங்கைகளில் மரக்கதவு தட்டுப்பட்டது. கொதிக்கக் கொதிக்க.

அவன் பலமெல்லாம் கூட்டித் தள்ளினான். கதவு அசையவில்லை.