நாலாவது ஆளுக்கு இடம்

மொட்டை மாடியில் சரவணகுமார் கோலமாவால் வேன் வரைந்துகொண்டிருந்தான். வேனின் உட்புறத்தை, அசல் அளவில். எங்கே அடுப்பு, எங்கே தண்ணீர்த் தொட்டி, எங்கே படுக்கை என்று தரையில் கோடு போட்டுப் பார்த்துவிட்டால் தச்சரிடம் சொல்ல வசதி என்றான். நல்ல கோலமாவை இப்படிப் பாழாக்குகிறாரே என்று முனகியபடி கொடியிலிருந்து துணிகளை உருவிக்கொண்டிருந்த அவன் மனைவி அன்புச்செல்வி, எட்டிப் பார்த்தபோதுதான் கவனித்தாள். படுக்கைகள் நான்கு இருந்தன.

வீட்டில் இருப்பது மூன்று பேர். அவள், அவன், ஒன்றாம் வகுப்பு படிக்கும் இனியா.

“என்னங்க, நாலு போட்டிருக்கீங்க?”

“நாலு பேருக்கு நாலுதானே?” என்றான் தலை நிமிராமல். பிறகு அவனே கோட்டைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். “மூட்டை முடிச்சு வெக்க ஒண்ணு இருக்கட்டும், விடு.”

அவள் சிரித்துவிட்டாள். வேன் வாங்கியதிலிருந்தே அந்த மனிதனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஓடி ஓய்ந்த பழைய வேன். அதைக் கேரவன் ஆக்கி, சாத்தனூர் அணைக்குக் கீழே நண்பன் பரசுராமனின் தென்னந்தோப்பில் ஆற்றைப் பார்த்து நிறுத்தி, சனி ஞாயிறு அங்கேயே சமைத்து அங்கேயே தூங்கி... பேச்சு முழுக்க அதுதான். சோற்றில் வைத்த கையோடு எழுந்து போய் வேனை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவான். ஏற்கனவே காலில் சக்கரம் கட்டிய ஆள். கேட்க வேண்டுமா?

இனியா ஓடி வந்து நடுக் கட்டம் ஒன்றுக்குள் படுத்துக்கொண்டாள். கோடு கலையாதிருக்கக் கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, நடுவில் ஒடுங்கிக் கிடந்தாள்.

“ஓரத்துக் கட்டத்துல படேன் பாப்பா. அங்கதான் இடம் ஜாஸ்தியா இருக்கு.”

“அங்க ஆளு இருக்கும்மா.”

மாடியிலிருந்து தெரிந்த மலை உச்சியில் இன்னும் வெயில் மிச்சமிருந்தது. ஓரத்துக் கட்டத்துக்குள் மட்டும் சிமெண்டுத் தரை கருத்து ஈரமாய்க் கிடந்தது. துணி சொட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் அன்புச்செல்வி. அவள் கையில் இருந்தவையோ மொறுமொறுவென்று காய்ந்த துணிகள்.

கீழே வந்து பாலை அடுப்பில் வைத்தபோது கல்லின் நினைவு வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை, சீட்டுகளைக் கழற்றுவதற்கு முன், மூன்று பேரும் அதே வேனில் தோப்பைப் பார்த்துவரப் போயிருந்தார்கள். மூன்று பேராகக் கிளம்பக் கூடாது என்பது கலெக்டர் ஆபீஸ் வேலைக்கு வந்த பிறகும் அவளை விடாத பழக்கம். கிளம்பித்தான் ஆக வேண்டுமென்றால் வாசலில் ஒரு கல்லைப் பொறுக்கி, அதை நாலாவது ஆளாக வைத்துக்கொண்டு, போன இடத்தில் போட்டுவிட வேண்டும். அன்றைக்கு அவசரத்தில் மறந்துவிட்டாள். அணையின் ஷட்டருக்குக் கீழே பாறைகளுக்கு நடுவே தண்ணீர் உறுமிக்கொண்டிருந்த இடத்தில் நின்றபோதுதான் ஞாபகம் வந்து மனசு அடித்துக்கொண்டது. திரும்பும்போதாவது நாலு பேராகப் போவோம் என்று, பாதி நீரில் கிடந்த பாசிக் கல் ஒன்றை, தேங்காய் அளவு இருக்கும், தூக்கி வந்து இனியாவின் பக்கத்தில் வைத்தாள். “துணைக்கு நீயும் வா” என்று வாய்விட்டும் சொன்னாள்.

வீட்டு வாசல் கல்லை வெளியூரில் விட்டு வருவதுதான் வழக்கம். வெளியூர்க் கல்லை வீட்டுக்கு அழைத்து வருகிற வழக்கம் எங்கேயும் இல்லை. அது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

வீடு வந்தபோது கொட்டுகிற மழை. தூங்கிவிட்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள். மறுநாள் பார்த்தால் கல்லைக் காணோம். சீட் ஊறிப் போயிருந்தது. “அது நம்மகூடவே இறங்கி வந்துடுச்சேம்மா” என்றாள் இனியா. குழந்தைப் பேச்சு என்று அதை அப்போது விட்டுவிட்டாள்.

இப்போது விட முடியவில்லை. குழாயெல்லாம் இறுக மூடியிருந்தும் சுவருக்குள் எங்கேயோ தண்ணீர் இடுக்கில் புகுந்து நெருக்கிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. காற்றாடியை நிறுத்தினால் அது பெரிதாகும், போட்டால் காற்றாடிச் சத்தத்துக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். வெயிலில் உலர்த்திய தலையணை உறைகளில் பாசியும் சேறும் கலந்த வாடை வீசியது. லாரித் தண்ணீரை நம்பிப் பிழைக்கும் வேங்கிக்கால் வீட்டில், துடைக்கத் துடைக்க இனியாவின் கட்டிலடியில் ஈரம் ஊறிக்கொண்டே இருந்தது.

சரவணகுமார் நாலு டம்ளரில் காபி ஆற்றினான். கேட்டால் முழித்தான். மாடியில் போட்ட கோடுகளை அழித்து அழித்துத் திருத்தினான். ஒவ்வொரு தடவையும் அவளுடைய படுக்கை ஒடுங்கியது, ஓரத்துப் படுக்கை அகன்றது. “நான் என்ன விளக்குமாத்துக் குச்சியா, இதுல படுக்க?” என்று சண்டை பிடித்தாள். அவன் காதில் ஏறவில்லை.

அடி அண்ணாமலையிலிருந்து தச்சர் கோபி வந்து பலகை அடித்து மெத்தையும் போட்டுக் கொடுத்தார். போகும்போது அவளிடம் கேட்டார்: “ஓரத்துல படுக்கிறவரு நல்ல கனமாங்க? சார் அங்க மட்டும் ரெட்டைப் பலகையாப் போடச் சொன்னாரு.”

அன்றைக்கு எல்லாவற்றையும் கணவனிடம் கொட்டினாள். அவன் கேட்டுவிட்டுச் சிரித்தான். “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நல்லா தூங்கு செல்வி, சரியாப் போயிடும்.” சொல்லிக்கொண்டே, யாரும் உட்காராத நாலாவது தட்டுக்கு ரசம் ஊற்றினான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இனியாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். பொழுது விடிந்தால் பயணம்.

“அதுக்கு அதோட வீட்டுக்குப் போகணுமாம்மா.”

“யாருக்குடி?”

“துணைக்கு வந்துச்சே, அதுக்குத்தான். தனியாப் போக பயமா இருக்காம். நான் கூட வரேன்னு சொல்லிட்டேன்.”

சீப்பு பாதியில் நின்றது. துணைக்கு வந்தது திரும்பிப் போகத் துணை கேட்கும். இதை யோசிக்காமல் போனோமே என்று இருந்தது.

“வேன் எங்கேயும் போகாது” என்று கூடத்தில் போய்ச் சொன்னாள். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அத்தனை நாளாய் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்த கால் ஆடவில்லை. “மெத்தையெல்லாம் போட்டாச்சு செல்வி” என்றான் மெதுவாக. அவ்வளவுதான் சொன்னான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் போனது. கூப்பிட்டது அவள், கொண்டுபோய் விட வேண்டியதும் அவள்தான். பிள்ளை எதற்கு? இனியா அப்பாவின் மேல் சாய்ந்து ஃபோனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வெளிச்சத்தில் இரண்டு முகங்களும் நீலமாய்த் தெரிந்தன. அன்புச்செல்வி சத்தமில்லாமல் வெளியே வந்து, கதவைச் சாத்தி, வெளித்தாழ்ப்பாளைப் போட்டாள். இழுத்தும் பார்த்தாள். பின்பக்கக் கதவை ஏற்கனவே பூட்டிவிட்டாள். சாவி அவள் இடுப்பில் இருந்தது.

கேட்டுக்கு வெளியே வேன் நின்றது. பக்கக் கதவைத் தள்ளி ஏறினாள். புது மெத்தை, பசை, அறுத்த மரம், அத்தனை வாடைக்கும் அடியில் அந்தப் பாசி வாடை. ஓரத்துப் படுக்கையில் விரித்திருந்த போர்வை, ஆள் படுத்ததுபோல் நீளவாக்கில் அமுங்கியிருந்தது. அதிலிருந்து சொட்டுச் சொட்டாய் நீர் கீழே விழுந்தது.

“கூப்பிட்டது நான்தான்,” என்றாள். “பிள்ளைய விட்டுடு. நானே துணைக்கு வரேன். பஸ்ல போலாம். நீயும் நானும் மட்டும்.”

ரெட்டைப் பலகை முனகியது.

அவள் கையை ஏதோ தொட்டது. சில்லென்று. வழவழவென்று. பிறகு விரல்களைப் பற்றிக்கொண்டது. அழுத்தமாக. ஒப்புக்கொண்டது போல.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அழுகை வந்தது. பிள்ளை தப்பித்தாள்.

“அம்மாவும் வராங்களா?”

நடுப் படுக்கையிலிருந்து. இனியாவின் குரல்.

தாழ்ப்பாள் போட்டாளே. இழுத்துப் பார்த்தாளே.

“அப்ப நாம மூணு பேராச்சேம்மா,” என்றாள் இனியா இருட்டுக்குள். “மூணு பேராக் கிளம்பக் கூடாதுல்ல?”

“இறங்குடி. பாப்பா, இறங்கு...”

அவள் கையை உதறினாள். பிடி விடவில்லை. முன்பக்கக் கதவு திறந்தது. சரவணகுமார் ஏறி உட்கார்ந்தான். சட்டையிலிருந்து நீர் ஓடியது. திரும்பிப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தினான்.

“என்னங்க!”

வண்டி உயிர்பெற்றது. ஹெட்லைட் எரிந்தது.

முன்னால் தெரு இல்லை. எதிர்வீட்டு மதில் இல்லை. பச்சைத் தண்ணீர். கண்ணாடி முழுக்க. அதில் மீன் ஒன்று விளக்கைத் தேடி மெல்லத் திரும்பியது. இனியா போர்வையை விலக்கி, ஓரத்தில் படுத்திருந்ததன் மேல் நன்றாக ஒட்டிக்கொண்டு, அம்மாவுக்கு இடம் விட்டாள்.