வலக்கைப் பாட்டில்கள்

அது அக்டோபரின் மூன்றாம் வாரமா, நான்காம் வாரமா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. திராட்சை பறித்து முடித்திருந்தார்கள், கொடியில் இலை இன்னும் உதிரவில்லை. அதுவரைக்கும் நிச்சயம். இதை எனக்குச் சொன்ன தெல்ஃபினாவே பல இடங்களில் தயங்குவாள். யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை ஒவ்வொரு முறையும் மாற்றிச் சொல்வாள். ஆனால் வியாழக்கிழமையைப் பற்றி மட்டும் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. அன்று அவளும் அக்கா கணவரும் பயணம் கிளம்புவதாக இருந்தது. முந்தைய நாள் புயலில் ஏரிக்குப் போகும் ஒற்றைத் தண்டவாளத்தின் மேல் மரங்கள் விழுந்து, நாள் முழுவதும் ரயில் ஓடவில்லை. ப்ரெஷா நிலையத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்து அலுத்துப்போய் வீடு திரும்பினார்கள். வெள்ளிக்கிழமைதான் கிளம்ப முடிந்தது.

பயணம் அவளுடைய அக்கா இனெஸ் போட்ட திட்டம். ஏரிக்குத் தெற்கே உள்ள ஒயின் கிராமங்களை வரைபடத்தில் பச்சை மையால் வட்டமிட்டு, "மூன்று நாள், அவசரமே இல்லாமல்" என்று ஓரத்தில் எழுதிவைத்திருந்தாள். எழுதிய அடுத்த மாதம் இறந்துபோனாள். இரண்டு வருடம் அந்த வரைபடம் மேசை இழுப்பறையில் கிடந்தது. அவள் கணவர் பொனெத்தி, காவல் துறையில் மரெஷாலோ என்ற அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர், ஒருநாள் அதை எடுத்து மடியில் விரித்துக்கொண்டு, "நீயும் வர்றியா?" என்று மைத்துனியைக் கேட்டார். அந்த வாரத்தில் அவர் பேசியதே அவ்வளவுதான். முப்பது வருடம் தபால் பட்டுவாடா செய்த தெல்ஃபினாவுக்கு ஒரு வீட்டுக் கதவின் முன் ஐந்து நிமிடம் சும்மா நிற்க முடியாது. இருவரும் எப்படி ஒத்துப்போனார்கள் என்று ஊரில் எல்லோரும் வியந்தார்கள்.

அவர்கள் தங்கியது எர்சிலியா என்ற விதவையின் வீட்டில். மேலே விருந்தினருக்கு இரண்டு அறை, கீழே நிலவறையில் ஒயின். வெள்ளிக்கிழமை மாலை காப்பியை வைத்துவிட்டு அவர் போகாமல் நின்றார்.

"நீங்க மரெஷாலோவா இருந்தவர்னு இவங்க சொன்னாங்க."

"சொல்லியாச்சா?" என்றார் பொனெத்தி, தெல்ஃபினாவைப் பாராமல்.

"படி ஏறும்போதே சொல்லிட்டேன், அத்தான். மறைச்சு வைக்க அது என்ன கொலைக் குத்தமா?"

எர்சிலியா உட்கார்ந்தார். அவர் கணவர் பத்திஸ்தா மார்ச் மாதம் இறந்தார். அதற்கு ஒரு வாரம் முன்புதான் தன் கடைசி ஒயினை, நூற்றிருபது பாட்டில்களை, மரச்சட்டத்தில் தலைகீழாகச் சாய்த்து வைத்திருந்தார். தினமும் ஒவ்வொரு பாட்டிலையும் எட்டில் ஒரு பங்கு சுற்று திருப்ப வேண்டும். அப்படி ஒரு மாதம் திருப்பினால் உள்ளே இருக்கும் வண்டல் கழுத்துக்கு இறங்கும், ஒயின் தெளியும். எவ்வளவு திருப்பினோம் என்று தெரிய ஒவ்வொன்றின் அடியிலும் சுண்ணாம்புக் கோடு உண்டு. அந்தச் சட்டத்தை யாரும் தொடக் கூடாது என்று எர்சிலியா சொல்லியிருந்தார். ஆறு மாதம் கோடுகள் அசையவில்லை.

"மூணு வாரமா அசையுது," என்றார் எர்சிலியா. "நான் காலைப் பூசைக்குப் போயிட்டு ஏழே முக்காலுக்கு வர்றேன். கீழ போய்ப் பார்க்கிறேன். கோடு நகர்ந்திருக்கு. தினமும். நேத்து ஒருநாள் மட்டும்தான் நகரலை."

"நிலவறைச் சாவி?" என்று கேட்டார் பொனெத்தி.

"ஒண்ணு பொர்தோலோகிட்ட. அவன் இங்க முப்பது வருஷமா வேலை பார்க்கிறான், முற்றத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்கான். ஒண்ணு என்கிட்ட. பத்திஸ்தாவோட சாவி அவர் போனதுக்கப்புறம் கிடைக்கவே இல்லை."

"திருப்பட்டுமே, ஒயினுக்கு நல்லதுதானே?" என்றாள் தெல்ஃபினா.

எர்சிலியா அவளைப் பார்க்காமல் மேசை விரிப்பின் ஓரத்தை நீவினார். "திங்கட்கிழமை நோட்டரி வர்றார். வீட்டையும் நிலவறையையும் விற்கிறேன். என் பையன் எலியோதான் வாங்கறவரைப் பிடிச்சான், நான் தனியா இருக்கேன், சரியா சாப்பிடறதில்லைன்னு. விற்றா பொர்தோலோவுக்கு வேலை போயிடும். என்னைக் குழப்பி நிறுத்த அவன்தான் இப்படிப் பண்றான்னா, துக்கத்துல இருக்கிறவளை ஏமாத்தின ஆளை அன்னைக்கே வெளியே அனுப்பிட்டுக் கையெழுத்துப் போடுவேன்." நிறுத்தினார். "ஆனா அந்தத் திருப்பல் பொர்தோலோ கை இல்லை, மரெஷாலோ. பத்திஸ்தா கை. அவர்தான்னா, நான் இந்த வீட்டை விட்டு ஒரு அடி நகர மாட்டேன்."

பொனெத்தி நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். காப்பி ஆறியது. அந்த மௌனத்தில் அவர் எதையும் எடைபோடவில்லை, அந்தப் பெண்ணோடு கூடவே உட்கார்ந்திருந்தார் என்று தெல்ஃபினா பின்னால் சொன்னாள்.

"நாளைக்குப் பார்க்கலாம்," என்றார் கடைசியில்.

சனிக்கிழமை காலை இனெஸின் பச்சை வட்டங்களில் இரண்டைப் பார்த்தார்கள். சரிவுகளில் கொடிகள் மஞ்சளாகியிருந்தன, ஏரி தொலைவில் ஈயத் தகடு போலக் கிடந்தது. பொனெத்தி ஒவ்வொரு இடத்திலும் இரண்டு கோப்பை வாங்கி ஒன்றை மட்டும் குடித்தார். தெல்ஃபினா கவனித்தாள், கேட்கவில்லை.

இரண்டாவது நிலவறையில் ஒரு பெண் சட்டத்தின் முன் நின்று பாட்டில்களைத் திருப்பிக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும் இரண்டு பாட்டிலைப் பிடித்து ஒரே நேரத்தில் திருப்பினாள். இரண்டும் ஒரே சத்தம் போட்டு உட்கார்ந்தன.

"ஒத்தைக் கையால பண்ணக் கூடாதா?" என்று தெல்ஃபினா கேட்டாள்.

"பண்ணலாம், அடுத்த திராட்சை அறுவடை வரைக்கும் இங்கயே நிக்கலாம்," என்று அந்தப் பெண் சிரித்தாள். "கத்துக்கிறப்பவே ரெண்டு கை. யார்கிட்ட கத்துக்கிறோமோ அவங்க கைதான் நமக்கும் வரும். என் மாமியார் கொஞ்சம் உதறித் திருப்புவாங்க. பாருங்க, நானும் உதறுறேன். மாத்தவே முடியலை."

மதியம் எர்சிலியாவின் வீட்டுக்குத் திரும்பியபோது எலியோ வந்திருந்தான். ப்ரெஷாவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன், நாற்பது வயது, அவனுடைய கண்ணாடியே பாட்டில் அடி போலத் தடித்திருந்தது.

"ஊருக்கெல்லாம் கண்ணாடி போடறான், வண்டி ஓட்ட மட்டும் பார்வை இல்லை," என்றார் தாய். "ஸ்டேஷன்ல இருந்து நடந்து வந்திருக்கான், பாருங்க ஷூவை."

"பத்து நிமிஷ நடைதானேம்மா."

நிலவறைக்கு எல்லோரும் இறங்கினார்கள். முன்னால் பொர்தோலோ விளக்கோடு போனார், அவருக்குப் பின்னால் எர்சிலியா. படி திரும்பும் இடத்தில் தெல்ஃபினாவின் நெற்றி எதிலோ ணங்கென்று மோதியது.

"குழாய்! குனிங்க, குனிங்க," என்றார் பொர்தோலோ. "முதலாளி போன வருஷம் போட்டது. எல்லாரும் ஒருதடவை முட்டிட்டுத்தான் கத்துக்குவாங்க."

பொனெத்தியும் முட்டிக்கொண்டார். கடைசியாக வந்த எலியோ, "இந்த இடத்துல நான் கால் வச்சு இருபது வருஷம் ஆகுது. இந்தத் தொழிலைக் கத்துக்கலைன்னுதான் அப்பா என்கூடப் பேசறதை நிறுத்தினார்," என்று சொல்லிக்கொண்டே இறங்கினான்.

சட்டத்தின் முன் பொனெத்தி மண்டியிட்டார். இடக்கைக்கு வரும் வரிசைகளில் கோடுகள் ஒழுங்காக எட்டில் ஒரு பங்கு முன்னேறியிருந்தன. வலக்கைக்கு வரும் வரிசைகளில் எல்லாமே பின்தங்கியிருந்தன. நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் குறைந்து, இப்போது பாதிச் சுற்று வித்தியாசம். பக்கத்துச் சட்டம் பொர்தோலோவுடையது. அதில் எல்லாக் கோடும் அணிவகுப்பு போல நின்றன.

"பத்திஸ்தா போறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி அவருக்குப் பக்கவாதம்," என்றார் எர்சிலியா மெதுவாக. "வலது கை முழுசாத் திரும்பாது. சரியா இப்படித்தான்."

பொர்தோலோவின் முகம் சிவந்தது. "முதலாளியம்மா என்னை நினைக்கிறாங்கன்னு தெரியும். என்னைப் பொய்யன்னு சொல்லுங்க மரெஷாலோ, பரவாயில்ல. ஆனா இப்படிக் கோணலாத் திருப்புவேன்னு சொல்லாதீங்க."

மேலே வந்ததும் தெல்ஃபினா பொனெத்தியை முற்றத்துக்கு இழுத்துப் போனாள். "பொர்தோலோதான் அத்தான்! ரோஷமாப் பேசறதே சந்தேகமா இருக்கு. முதலாளி கையை முப்பது வருஷம் பார்த்தவருக்கு அதே மாதிரி குறைச்சுத் திருப்பத் தெரியாதா?"

"தெரியும்," என்றார் பொனெத்தி. "வியாழக்கிழமை ஏன் திருப்பலைன்னு மட்டும் சொல்லு."

அவள் அன்று முழுவதும் யோசித்தாள்.

ஞாயிறு பத்து மணிப் பூசை முடிந்து எர்சிலியா வந்தபோது கோடுகள் மறுபடி நகர்ந்திருந்தன. சமையலறையில் அடுப்பில் சுட்ட ஏரி மீனும் சோளக் களியும் தயாராக இருந்தன. பொனெத்தி பொர்தோலோவையும் உட்காரச் சொன்னார். எலியோ ஜன்னல் பக்கம் இருந்தான். யாரும் கரண்டியைத் தொடவில்லை.

"இந்த வீட்டுல யாருக்கும் வலது கை பழுதில்லை," என்று பொனெத்தி ஆரம்பித்தார். "ஆனா வலக்கைப் பாட்டில் எல்லாம் பின்தங்குது. அப்ப மூணுல ஒண்ணு. இறந்தவர் வந்து திருப்பணும். இல்ல, யாராவது அவர் மாதிரி நடிக்கணும். இல்ல, அவர்கிட்ட கத்துக்கிட்டவர் யாராவது திருப்பணும். அதுவும் பக்கவாதம் வந்த பிறகு கத்துக்கிட்டவர். குறையும் சேர்த்துத்தான் முறைன்னு நினைச்சுக் கத்துக்கிட்டவர்."

"பொர்தோலோ முப்பது வருஷம் முன்னாடியே கத்துக்கிட்டார்," என்றாள் தெல்ஃபினா.

"ஆமா. அவர் நடிக்கலாம். ஆனா முற்றத்தைத் தாண்டினா நிலவறை. வியாழக்கிழமை அவரை எது தடுத்தது? அன்னைக்கு ஒண்ணே ஒண்ணுதான் நடக்கலை. ரயில் ஓடலை. இறந்தவருக்குத் தண்டவாளம் தேவையில்லை, எர்சிலியாம்மா. மன்னிக்கணும்."

எர்சிலியா கண்ணை மூடிக்கொண்டார். மூன்று வாரமாக அவர் பிடித்துக்கொண்டிருந்தது அந்த இடத்தில் கையைவிட்டுப் போனது. தெல்ஃபினாவால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. ரொட்டியை நறுக்க ஆரம்பித்தாள்.

"திருப்பறவர் ரயில்ல வர்றார், நீங்க பூசையில இருக்கிற நேரம் தெரிஞ்சு வர்றார், காணாமப்போன சாவியை வச்சிருக்கார். நேத்து படியில இறங்கறப்ப தெல்ஃபினா முட்டிக்கிட்டா, பொர்தோலோ குனிங்கன்னு கத்தியும் நானும் முட்டிக்கிட்டேன். எலியோ எனக்குப் பின்னால, இருட்டுல, பேசிக்கிட்டே வந்தார். அந்தப் பார்வைக்குக் குழாய் தெரிஞ்சிருக்காது. ஆனா மோதலை. போன வருஷம் போட்ட குழாய்க்கு, இருபது வருஷமா வராதவர் எப்படிச் சரியான இடத்துல குனிஞ்சார்?"

அடுப்பில் கட்டை வெடித்தது. எலியோ கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தான்.

"அப்பாதான் கூப்பிட்டார்," என்றான். "பக்கவாதம் வந்து நாலு மாசம் கழிச்சு. கடைக்கே போன் பண்ணினார். 'வலது கை திரும்ப மாட்டேங்குது, வேலை பின்தங்கினா உங்கம்மா நிலவறையை மூடிடுவா, நீ வந்து நில்லு' அப்படின்னார். பொர்தோலோகிட்ட உதவி கேக்க அவருக்கு வெட்கம். நீங்க பூசைக்குப் போனதும் வருவேன், நீங்க வர்றதுக்குள்ள போயிடுவேன். ஒன்றரை வருஷம்."

"ரெண்டு பேரும் பேசினீங்களா?" என்றார் எர்சிலியா.

"பெரிசா இல்லை. பக்கத்துல நின்னு திருப்புவோம். கடைசி வாரம் சாவியைக் குடுத்தார். 'இந்தச் சட்டத்தை முடிச்சிடு, அம்மாகிட்ட சொல்லாத'ன்னார். என்னால உடனே வர முடியலை, அவர் இல்லாம அங்க நிக்க முடியலை. நோட்டரிக்கு நாள் குறிச்சதும்தான் வர ஆரம்பிச்சேன்... இல்லேன்னா அந்தப் பாட்டிலை எல்லாம் வாங்கறவன் வெளியே எறிஞ்சிடுவான்."

எர்சிலியா மேசை மேல் இருந்த கண்ணாடியை அவன் பக்கம் தள்ளிவைத்தார். பிறகு, "நான் தினமும் பூசைக்கு எதுக்குப் போனேன்னு தெரியுமா?" என்று கேட்டார். குரல் உயரவில்லை. "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கணும்னு வேண்டிக்க. மழையிலயும் பனியிலயும். நான் அங்க முட்டி போட்டிருக்கேன், நீங்க இங்க கீழ நின்னு என்கிட்ட மறைக்கிறீங்க."

பொனெத்தி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொர்தோலோதான் தொண்டையைக் கனைத்தார். "ஒன்றரை வருஷம் ஒரு கண்ணாடிக்காரர் என் நிலவறையில வேலை பார்த்திருக்கார், எனக்குத் தெரியலை. என்னை வேலையை விட்டே அனுப்பணும், முதலாளியம்மா."

எர்சிலியா சிரித்தாரா, அழுதாரா என்பது தெல்ஃபினாவுக்குச் சரியாக நினைவில்லை. அதற்குப் பிறகு கேட்ட கேள்வி மட்டும் நினைவிருக்கிறது.

"இன்னும் எத்தனை நாள் திருப்பணும்?"

"இடது பக்கத்துக்கு நாலு நாள். வலது பக்கத்துக்கு அதுக்கும் மேல."

"நோட்டரிக்குப் போன் பண்ணு. எல்லாப் பாட்டிலும் தெளிஞ்சதும் வரச் சொல்லு." பொர்தோலோ பக்கம் திரும்பினார். "உன்னைச் சந்தேகப்பட்டேன். தப்பு. மீன் ஆறுது, சாப்பிடு." எழுந்து சால்வையை எடுத்தார். "நீ வா எலியோ. வலது கையை நீ எப்படி வைக்கிறேன்னு பார்க்கணும். உங்கப்பாவுக்கே முதல்ல சொல்லிக்குடுத்தது நான்தான்."

பொனெத்தியும் தெல்ஃபினாவும் அன்று மாலை ரயிலில் திரும்பினார்கள். பச்சை வட்டங்களில் இரண்டு பார்க்காமல் மிச்சமிருந்தன. ரயில் ஏரியை விட்டு விலகும்வரை அவர் ஜன்னலையே பார்த்தார். பிறகு, தானாகவே, "இனெஸ் இருந்திருந்தா நேத்தே கண்டுபிடிச்சிருப்பா," என்றார். தெல்ஃபினா தலையாட்டினாள்.

எர்சிலியா அடுத்த வசந்தத்தில் வீட்டை விற்றார். ப்ரெஷாவில் மகனுடைய கடைக்கு மேல் மாடியில் ஏழு வருடம் இருந்து இறந்தார். வாங்கியவர் பொர்தோலோவை வேலையில் வைத்துக்கொண்டார். பொர்தோலோ இப்போது முதுகு வலியோடு ஓய்வில் இருக்கிறார். எலியோ கடையை நடத்துகிறான், பாட்டில் திருப்புவதில்லை. அந்த நூற்றிருபதில் வலக்கை வரிசைகளில் பதினொன்று கடைசிவரை தெளியவில்லை. அவற்றை எர்சிலியா யாருக்கும் கொடுக்காமல் தானே குடித்தார். பொனெத்தி மூன்று வருடம் முன்பு போனார். அவருக்கு எர்சிலியா அனுப்பிய ஒரு பாட்டில் தெல்ஃபினாவின் அலமாரியில் இருக்கிறது. அதைத் திறந்து பகிர்ந்து குடிக்க அவளுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.